லூபஸ் உள்ள ஆண்களும் தந்தைமையும்: சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நான் அறிந்தவை

உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய் லூபஸ். அந்த நோயாளிகள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். அதனால் இந்த நோயைப் பற்றிய கையேடுகளில் குழந்தைப்பேறு என்ற பகுதி வரும்போதெல்லாம், அது கருவைச் சுமப்பவரை நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது. மீதமுள்ள அந்த ஒருவர் ஆணாக இருந்து, அவருக்குத் தந்தையாகும் விருப்பமும் இருந்தால், தம்முடைய விந்தணுக்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் அவரே எழுப்ப வேண்டியிருக்கிறது. எனக்கு லூபஸ் உறுதியானபோது எங்களுக்குத் திருமணமாகி அதிக காலம் ஆகவில்லை. குழந்தை பற்றி அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தோம். அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்டவர் என் மனைவி. அதனால் கிடைத்த சிறு அவகாசம் எங்கள் குடும்பத்தின் போக்கையே மாற்றியது என்பதால், நாங்கள் அறிந்துகொண்டதை இதே நிலையில் இருக்கும் மற்ற ஆண்களுக்காக எழுதுகிறேன்.

ஆண்களுக்கு லூபஸ் வருவது அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் கடுமையாகவே வருகிறது, குறிப்பாகச் சிறுநீரகப் பாதிப்பு ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. எனக்கும் கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து வந்து, சிறுநீரக பயாப்சியில் கடுமையான அழற்சி தெரிந்தது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் வேகமாக ஏறிக்கொண்டிருந்ததால், முதலில் மூன்று நாட்கள் அதிக அளவில் மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டும், அதைத் தொடர்ந்து சைக்ளோபாஸ்பமைடும் நரம்பு வழியாகத் தருவது என்று மருத்துவர்கள் முடிவு செய்தார்கள். தொற்று வரலாம், முடி கொட்டலாம், சிறுநீர்ப்பையில் இரத்தம் கசியலாம் என்று பக்கவிளைவுகளை வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு, என் மனைவி, “டாக்டர், இந்த மருந்துக்குப் பிறகு இவருக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?” என்று கேட்டார். வரலாம் என்றும், விருப்பம் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே விந்தை உறையவைத்துச் சேமித்துவிடுங்கள் என்றும் மருத்துவர் உடனே சொன்னார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. சிறுநீரகத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் அது அவர் நினைவுக்கு வரவில்லை. நோயாளியின் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சைக்ளோபாஸ்பமைடு ஏன் இவ்வளவு கவலைக்குரியது என்பதைப் புரிந்துகொள்ள, விந்தணு எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். விதைகளுக்குள் இருக்கும் மூல அணுக்கள் ஆணின் வாழ்நாள் முழுவதும் இடைவிடாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு விந்தணு முழு உருவம் பெற ஏறத்தாழ 64 முதல் 74 நாட்கள் ஆகும்; பிறகு விதைமேல் குழாயில் தங்கி முதிர்ந்து வெளியேற மேலும் சில நாட்கள். ஆக, இன்று வெளிவரும் விந்தணு சுமார் மூன்று மாதங்களுக்கு முன் பயணத்தைத் தொடங்கியது. சைக்ளோபாஸ்பமைடு வேகமாகப் பிரியும் அணுக்களின் மரபுப் பொருளைத் தாக்கி அழிக்கும் மருந்து. லூபஸைத் தூண்டும் நோயெதிர்ப்பு அணுக்களை அது அடக்குவது இந்தத் தன்மையால்தான். விந்தணுவின் மூல அணுக்கள் அதற்கு இரையாவதும் அதே தன்மையால்தான். முதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்கள் மட்டும் அழிந்தால் சில மாதங்களில் உற்பத்தி மீண்டும் தொடங்கிவிடும். மூல அணுக்களே பெருமளவில் அழிந்துவிட்டால், மீள்வதற்கு ஆண்டுகள் ஆகலாம், அல்லது மீளாமலே போகலாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் அணுக்கள் இந்த மருந்தை ஓரளவு தாங்குபவை என்பதால், ஆசையும் உடலுறவுத் திறனும் இயல்பாக இருக்கும்போதே விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் போக முடியும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது என்பதை ஆண்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆபத்தின் அளவு, மொத்தமாக உடலில் சேர்ந்த மருந்தின் அளவைப் பொறுத்தது. சிறுநீரக லூபஸுக்கு இரண்டு முறைகள் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. ஒன்று, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு முறை தருவது; மொத்தம் 3 கிராம். மற்றொன்று, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை மாதம் ஒருமுறை, ஆறு மாதங்கள் தருவது. சிறுவயதில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட ஆண்களிடம் நடந்த, 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வகை மருந்துகளின் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 4 கிராமுக்குக் குறைவாக இருந்தால் விந்தணு உற்பத்தி பாதிக்கப்படும் வாய்ப்பு குறைவு என்று காட்டியது. ஒரு சராசரி ஆணின் உடல் பரப்பு ஏறத்தாழ 1.8 சதுர மீட்டர் என்று கொண்டால், முதல் முறையின் 3 கிராம் இந்த எல்லைக்கு வெகு கீழேயே நிற்கிறது. இரண்டாவது முறையின் மேல் அளவு எல்லையைத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது எனக்கு உதவியது, ஆனால் அதையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புற்றுநோயிலிருந்து மீண்டவரின் உடலும், நோய் கனன்றுகொண்டிருக்கும் லூபஸ்காரரின் உடலும் ஒன்றல்ல. நோய் திரும்பி வந்தால் இரண்டாவது சுற்று மருந்து தேவைப்படலாம், அப்போது பழைய அளவோடு புதிய அளவும் சேரும். அதனால் குறைந்த அளவு முறை என்று சொன்னாலும் சேமித்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. லூபஸ் போன்ற நோய்களையும் மூட்டு நோய்களையும் கவனிக்கும் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2020-இல் வெளியிட்ட இனப்பெருக்க நல வழிகாட்டுதலும், சைக்ளோபாஸ்பமைடு தொடங்கும் முன் விந்தைச் சேமிக்கவே பரிந்துரைக்கிறது.

இந்த இடத்தில் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: சைக்ளோபாஸ்பமைடு இல்லாமல் முடியுமா? மைக்கோஃபினோலேட் என்ற மாத்திரை பலருக்குச் சிறுநீரக லூபஸில் அதற்கு நிகரான பலனைத் தருகிறது; அது விந்தணு உற்பத்தியை அதுபோல் அழிப்பதில்லை. குழந்தை வேண்டும் என்று மருத்துவர் அறிந்தால், நோயின் நிலை அனுமதிக்குமானால், அவர் அந்தப் பக்கம் சாயக்கூடும். எனக்கு நோய் விரைவாக முற்றிக்கொண்டிருந்ததால் மருத்துவர் சைக்ளோபாஸ்பமைடையே, அதுவும் மாத முறையையே தேர்ந்தெடுத்தார்; சிறுநீரகம் இழந்தவனாகத் தந்தையாவதைவிட, சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டு அதற்கான வழியைத் தேடுவது மேல் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். சிறுநீரகம் செயலிழந்தால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதும் விந்தணு குறைவதும் சேர்ந்தே வரும் என்பதையும் மறக்கக் கூடாது. மருந்துக்குப் பயந்து நோயை வளரவிடுவது தந்தைமைக்கும் நல்லதல்ல.

சேமிப்புக்கான அவகாசம் எங்கிருந்து கிடைக்கும் என்று பலர் கலங்குகிறார்கள். ஸ்டீராய்டு தரப்படும் அந்த முதல் சில நாட்களே அதற்கான காலம். ஸ்டீராய்டு தொடங்கிவிட்டது என்பதால் விந்தைச் சேமிக்கத் தடை எதுவும் இல்லை. நோயைத் தணிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் முடித்துவிடலாம். ஆனால் சைக்ளோபாஸ்பமைடின் முதல் ஊசி போட்ட பிறகு எடுக்கும் விந்தணுக்களில் மரபுச் சேதம் இருக்கக்கூடும் என்பதால், அப்போது சேமிப்பதைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். ஆகவே வரிசை மாறக் கூடாது: முதலில் விந்து, பிறகு ஊசி.

கருத்தரிப்பு மையத்தில் முதலில் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒப்புதல் படிவங்கள். மாதிரிகளை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது, ஆண்டுதோறும் புதுப்பிப்பது யார், கணவர் இறந்துவிட்டால் அவற்றை என்ன செய்வது என்றெல்லாம் அதில் கேள்விகள் இருந்தன. கடைசிக் கேள்வியை நோயாளியாக உட்கார்ந்து நிரப்புவது எளிதல்ல. என் பேனா அங்கே நெடுநேரம் நின்றது. ஆனாலும் அதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து பேசி, தெளிவாக எழுதிவிட வேண்டும். பிற்பாடு வேறு யாரும் அதற்கு விடை சொல்ல முடியாது.

மாதிரி தருவதைப் பற்றிக் கூச்சமின்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இந்தப் படியிலேயே பின்வாங்குகிறார்கள். வீங்கிய உடல், தூக்கமின்மை, ஸ்டீராய்டு தரும் படபடப்பு, வாசலில் காத்திருக்கும் உறவினர்கள், இவற்றுக்கு நடுவே மூடிய அறையில் மாதிரி தருவது உண்மையிலேயே கடினம். என்னால் முதல் நாள் முடியவில்லை. மறுநாள் மையத்தில் பேசியபோது, வீட்டிலேயே எடுத்து, உடல் வெப்பத்தில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து தரலாம் என்றார்கள். அது போதுமானதாக இருந்தது. எந்த வழியிலும் முடியாதவர்களுக்கு, விதையிலிருந்தே ஊசி மூலமோ சிறு அறுவை மூலமோ விந்தணுவை எடுக்கும் முறையும் உண்டு. முடியவில்லை என்று சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. சொன்னால்தான் அடுத்த வழியைக் காட்டுவார்கள்.

என் மாதிரிகள் சிறப்பாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் விந்து ஆய்வுக் கையேட்டின் ஆறாம் பதிப்பு, 2021-இல் வெளியானது, குழந்தை பெற்ற ஆண்களின் அளவுகளை வைத்துக் கீழ் எல்லைகளைத் தருகிறது: விந்தின் அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள், மொத்த அசைவு 42 விழுக்காடு, முன்னோக்கி நீந்துபவை 30 விழுக்காடு, இயல்பான வடிவம் கொண்டவை 4 விழுக்காடு. என் எண்ணிக்கையும் அசைவும் இவற்றுக்குக் கீழே இருந்தன. நோய் உச்சத்தில் இருக்கும்போது இது எதிர்பார்க்கத்தக்கதே. காய்ச்சல் மட்டுமே சில வாரங்களுக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைத்துவிடும். சேமிக்கவே தகுதியில்லை என்று நான் சோர்ந்தபோது, அங்கிருந்த கருவியல் நிபுணர் ஒரு விளக்கம் தந்தார். 1992-இல் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் முதல் குழந்தைப் பிறப்புகளைத் தந்த இக்சி முறையில், ஒரு முட்டைக்குள் ஒரேயொரு விந்தணுவை நுண்ணூசியால் செலுத்துகிறார்கள். ஆகவே கோடிகள் தேவையில்லை, உயிருள்ள சில நூறு விந்தணுக்களே ஒரு குடும்பத்துக்குப் போதும் என்றார். மாதிரிகளை ஒன்றாகக் கொட்டாமல் பல சிறு குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 196 பாகை திரவ நைட்ரஜனில் வைத்தார்கள். உறையவைத்து உருக்கும்போது கணிசமான பங்கு விந்தணுக்கள் அசைவை இழக்கும் என்பதாலும், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு குப்பி செலவாகும் என்பதாலும், உடல் இடம் கொடுத்தால் இரண்டு மூன்று மாதிரிகள் தருவது பயனுள்ளது. மாதிரிகளுக்கு இடையே இரண்டு நாட்களாவது விடச் சொல்வார்கள். அவசர நிலையில் அந்த இடைவெளி குறைந்தாலும் பரவாயில்லை.

சிகிச்சை நடந்த மாதங்களில் ஆணுறை கட்டாயம் என்பதை எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்கள். விந்தணு குறைந்திருந்தாலும் முழுமையாக நின்றிருக்க வேண்டும் என்பதில்லை, இருப்பவை சேதமுற்றவையாக இருக்கலாம். சைக்ளோபாஸ்பமைடின் கடைசி அளவுக்குப் பிறகு குறைந்தது 12 வாரங்கள் கழித்தே கருத்தரிப்புக்கு முயல வேண்டும் என்று 2020 வழிகாட்டுதல் கூறுகிறது. மூன்று மாத விந்தணுச் சுழற்சியை அறிந்தவருக்கு அந்தக் கணக்கு விளங்கும். தோல் லூபஸுக்குத் தாலிடோமைடு எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அந்த மருந்து விந்திலும் கலக்கிறது, ஆகவே ஆணுறையும், நிறுத்திய பின் குறைந்தது 4 வாரக் காத்திருப்பும் தேவை.

மற்ற மருந்துகளைப் பற்றித்தான் ஆண்களிடம் தேவையற்ற அச்சம் அதிகம். மாத்திரை அட்டையோடு வரும் தாளில் கர்ப்பம் பற்றிய கடுமையான எச்சரிக்கையைப் படித்துவிட்டு, குழந்தைக்காக எல்லா மருந்தையும் தாமே நிறுத்திவிட்ட ஆண்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் நோய் திரும்பி டயாலிசிஸ் வரை சென்றார். கருவைச் சுமக்கும் பெண் ஒரு மருந்தை உட்கொள்வதும், கருவுக்கு ஒரு விந்தணுவை மட்டும் தரும் ஆண் அதே மருந்தை உட்கொள்வதும் வெவ்வேறு நிலைகள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசாத்தியோப்ரின் ஆகியவற்றை ஆண் தொடரலாம் என்று அந்த வழிகாட்டுதல் உறுதியாகவே சொல்கிறது. மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட், டாக்ரோலிமஸ் போன்றவற்றையும் தொடரலாம் என்றே, சற்றுத் தளர்ந்த உறுதியுடன், பரிந்துரைக்கிறது. மருந்துத் தாள்களில் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் மைக்கோஃபினோலேட்டுக்கும் மூன்று மாதங்கள் அளவில் கருத்தடை எச்சரிக்கை இருப்பது உண்மை. தந்தை வழியில் குழந்தைக்குத் தீங்கு வந்ததற்கான சான்று கிடைக்காத நிலையிலும் முன்னெச்சரிக்கையாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. என் மருத்துவர் இரண்டையும் என் முன் வைத்து, நோய் நீண்ட நாள் அடங்கியிருந்ததால் அப்போது நான் எடுத்துவந்த மைக்கோஃபினோலேட்டிலிருந்து அசாத்தியோப்ரினுக்கு மாற்றினார். மாற்றிய பின் நோய் அமைதியாக இருக்கிறதா என்று சில மாதங்கள் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போனோம். இன்னொருவருக்கு இதே முடிவு பொருந்தாமல் போகலாம். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

மருந்தைத் தவிர நோயும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. நோய் கிளர்ந்திருக்கும் காலத்தில் மூளையிலிருந்து விதைகளுக்கு வரும் ஹார்மோன் கட்டளைகள் தளர்கின்றன. நீண்ட காலம் அதிக ஸ்டீராய்டு எடுப்பதும் அதையே செய்கிறது. சிலரிடம் விந்தணுக்களுக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள், அதாவது ஆன்டிபாடிகள், காணப்படுகின்றன. மிக அரிதாக, இரத்தக் குழாய் அழற்சியோ, பாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகளால் வரும் இரத்த உறைவோ விதையையே தாக்குவதும் உண்டு. விதையில் திடீர் வலியோ வீக்கமோ வந்தால் அது தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லூபஸ் ஆண்களில் சிலரிடம் இன்னொரு காரணம் மறைந்திருக்கலாம், அதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படுவதில்லை. பொதுவாக ஆணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோமும் ஒரு ஒய் குரோமோசோமும் இருக்கும். க்ளைன்ஃபெல்டர் நிலையில் கூடுதலாக ஒரு எக்ஸ் இருக்கும். அத்தகைய ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு அதிகம் என்று 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நோயெதிர்ப்பைத் தூண்டும் சில மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும், பெண்களுக்கு லூபஸ் அதிகம் வருவதும் இதோடு தொடர்புடையவை. க்ளைன்ஃபெல்டர் உள்ளவர்களின் விதைகள் சிறியவையாக இருக்கும், விந்தில் விந்தணுக்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே, சைக்ளோபாஸ்பமைடைத் தொடாத ஒரு லூபஸ் ஆணுக்கு விந்தணு இல்லை என்று முடிவு வந்தால், மற்ற மருந்துகளின் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றுவிடாமல் குரோமோசோம் பரிசோதனையும் கேட்க வேண்டும். எனக்கும் அதைச் செய்தார்கள். முடிவு இயல்பாக இருந்தது.

உடலுறவுத் திறனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சோர்வு, மூட்டு வலி, மனச்சோர்வு, ஸ்டீராய்டால் மாறிய உடல் தோற்றம் எல்லாம் சேர்ந்து ஆசையையே குறைத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, இரத்த அழுத்தத்துக்கும் வீக்கத்துக்கும் தரும் மருந்துகளில் சில, குறிப்பாகச் சில பீட்டா பிளாக்கர்களும் தையசைடு வகை நீர்ப்பிரி மாத்திரைகளும் ஸ்பைரோனோலாக்டோனும், விறைப்புத்தன்மையைப் பாதிக்கலாம். எனக்கு இது நேர்ந்தபோது மருத்துவரிடம் சொல்ல மாதக்கணக்கில் தயங்கினேன். சொன்னதும் அவர் அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், நிலைமை பெரிதும் சரியாகிவிட்டது. இதில் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் இடம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. களைப்புக்கும் ஆசைக் குறைவுக்கும் அதை எளிதாகப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கான தன் கட்டளைகளை நிறுத்திவிடும், விதைக்குள் விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும். நிறுத்திய பிறகும் மீள மாதங்கள் ஆகும். சைக்ளோபாஸ்பமைடோடு சேர்த்து டெஸ்டோஸ்டிரோன் தந்தால் விந்தணு காக்கப்படும் என்ற எண்ணமும் ஒரு காலத்தில் இருந்தது. 2020 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. குழந்தை வேண்டும் என்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைவாக இருந்தால், விதையையே தூண்டும் வேறு மருந்துகள் உண்டு. அவற்றை ஹார்மோன் மருத்துவர் தீர்மானிக்க வேண்டும்.

ஆண்மையைப் பெருக்கும் என்று சொல்லி விற்கப்படும் கலவைகளை நான் தொடவில்லை, நண்பர்களையும் தொட விடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் கன உலோகங்களோ, சொல்லாமல் சேர்த்த சில்டெனாஃபில் என்ற விறைப்பு மருந்தோ இருக்கக்கூடும். பாதிக்கப்பட்ட சிறுநீரகம் அவற்றைத் தாங்காது. நோயெதிர்ப்பைத் தூண்டும் மூலிகைகள் லூபஸையே கிளறிவிடலாம். விந்தணுவுக்கென்று விற்கப்படும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகள்கூட, 2020-இல் வெளியான ஒரு முறையான ஒப்பீட்டு ஆய்வில் பலன் காட்டவில்லை. புகையை விடுவது, விதைப்பைக்கு நீண்ட நேர வெப்பம் படாமல் பார்ப்பது, எடையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது ஆகியவை செலவில்லாதவை, லூபஸுக்கும் நல்லவை.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் எடுத்த விந்துப் பரிசோதனையில் விந்தணு ஒன்றும் இல்லை. அந்தத் தாளைப் படித்த மாலை எங்கள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. விந்தணு உற்பத்தியைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் எஃப்எஸ்எச் ஹார்மோன் உயர்ந்திருந்தது. விதை பதில் தராததால் பிட்யூட்டரி கூடுதலாகக் கட்டளையிடுகிறது என்று அதற்குப் பொருள். ஆனால் ஒற்றைப் பரிசோதனையை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். மூன்று மாதச் சுழற்சியைக் கணக்கில் கொண்டு இடைவெளி விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி தர வேண்டும், இடையில் காய்ச்சலோ நோய்க் கிளர்ச்சியோ வந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் சில விந்தணுக்கள் தென்படத் தொடங்கின, பிறகு சற்றுக் கூடின, ஆனால் இயற்கையாகக் கருத்தரிக்கும் அளவை எட்டவில்லை. மனைவியின் வயதையும் கருத்தில் கொண்டு, சேமித்த குப்பிகளைப் பயன்படுத்த முடிவு செய்தோம். முதல் இக்சி முயற்சி பலிக்கவில்லை. பின்னர் பலித்தது, எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். இந்தச் சிகிச்சையில் ஊசிகளையும் ஹார்மோன்களையும் முட்டை எடுக்கும் நடைமுறையையும் தாங்கியவர் நோயில்லாத என் மனைவி. குறை கணவரிடம் இருந்தாலும் சுமை மனைவியின் உடலில்தான் ஏறுகிறது என்பதை அறிந்தே ஒரு ஆண் இந்த முடிவுக்கு வர வேண்டும்.

பிறக்கும் குழந்தைக்கும் லூபஸ் வருமா என்பது எல்லாத் தந்தையரும் கேட்கும் கேள்வி. பெற்றோருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, ஆனாலும் லூபஸ் உள்ளவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை. பச்சிளம் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பிறவி லூபஸ் பற்றிப் படித்துப் பயந்திருந்தேன். அது தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் கடக்கும் ரோ, லா ஆன்டிபாடிகளால் வருவது. தந்தையிடம் அந்த ஆன்டிபாடிகள் இருந்தாலும் அவை கருவைச் சென்றடைய வழியில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர், சேமிக்காமலே சைக்ளோபாஸ்பமைடை முடித்துவிட்டவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடவில்லை. மருந்து முடிந்து மூன்று மாதங்கள் கழித்து ஒரு விந்துப் பரிசோதனையும், அதோடு எஃப்எஸ்எச், எல்எச், டெஸ்டோஸ்டிரோன், முடிந்தால் இன்ஹிபின் பி ஆகிய ஹார்மோன்களின் இரத்தப் பரிசோதனைகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட அவை உதவும். ஓரிரு விந்தணுக்கள் தென்பட்டாலும், நோய் மீண்டும் கிளர்ந்து அடுத்த சுற்று மருந்து தேவைப்படும் முன், அவற்றைச் சேமித்துவிடுங்கள். ஆண்டுகள் கழிந்தும் விந்தில் ஒன்றும் வரவில்லை என்றால், நுண்ணோக்கியின் உதவியோடு விதையைத் திறந்து, உற்பத்தி நடக்கும் சிறு திட்டுகளைத் தேடி விந்தணுவை எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை, ஆனால் கணிசமான பேருக்குப் பலிக்கிறது. ஆண் மலட்டுத்தன்மையில் பயிற்சி பெற்ற ஆண்ட்ராலஜி மருத்துவரிடம் போகும்போது, இதுவரை உடலில் சேர்ந்த சைக்ளோபாஸ்பமைடின் மொத்த அளவைச் சிகிச்சைக் குறிப்புகளிலிருந்து கூட்டி எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். அறுவைக்கு முன் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளையும் ஸ்டீராய்டையும் எப்படிக் கையாள்வது என்று ருமட்டாலஜி மருத்துவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொடையாளரின் விந்தணுவோ தத்தெடுப்போ உங்கள் இருவருக்கும் ஏற்புடையது என்றால், அதற்கான பேச்சை இந்தப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கலாம். தத்தெடுப்பில் பெற்றோரின் உடல்நிலைச் சான்று கேட்கப்படும். நோய் எவ்வளவு காலமாக அடங்கியிருக்கிறது, சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று மருத்துவர் விரிவாக எழுதித் தரும் கடிதம் அங்கே உதவும்.